வாசலில் ஒரு ஜோடி வெள்ளைச் செருப்பு

அத்தியாயம் பதினொன்று

அன்று காலை மௌரீன் ஜெபத்துக்கு முழங்கால் போட்டாளே தவிர, ஜெபம் வரவில்லை.

"நாளைக்கு ரெவரெண்ட் ஏசுவடியான் ஸ்கூலுக்கு வர்றார்" என்று தலைமை ஆசிரியை மிஸஸ் ஞானாபரணம் முந்தின நாள் சாயங்காலம் அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். "மிஸ் பென்ரோஸ் வகுப்புல நீ என்னென்ன பார்த்தியோ, அதை அவர்கிட்ட சொல்லு. கூட்டியும் சொல்ல வேண்டாம், குறைச்சும் சொல்ல வேண்டாம். அவங்களைக் கப்பலேத்தி ஊருக்கு அனுப்புறதுன்னு முடிவாச்சுன்னா, அந்த இடம் உனக்குத்தான். டெம்பரரிங்கிற பேச்சே இனிமே கிடையாது."

பார்த்ததைத்தான் சொல்லச் சொன்னார். பொய் சொல்லச் சொல்லவில்லை. மௌரீனை அதுதான் முள்ளாகக் குத்தியது. பொய் சொல்லச் சொல்லியிருந்தால், மாட்டேன் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு வந்திருப்பாள்.

மிஸ் பென்ரோஸ் ஆஸ்திரேலியாக்காரர். கன்டோன்மென்ட்டில் இருக்கும் அந்தப் பெண்கள் பள்ளிக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வந்து சில வருஷங்களாகின்றன. அதற்கு முன்னால் கிழக்கே ஏதோ தேசத்தில் மிஷன் வேலை செய்தவர் என்பது தவிர அவரைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது. அவரும் சொன்னதில்லை. பிள்ளைகளை அடிக்க மாட்டார், அதட்ட மாட்டார். அந்தப் பள்ளியில் இங்கிலீஷ் தவிர வேறு பாஷை பேசினால் கழுத்தில் ஒரு மரவில்லையை மாட்டிவிடுவார்கள். மிஸ் பென்ரோஸ் மட்டும் இதுவரை ஒரு பிள்ளைக்கும் அதை மாட்டியதில்லை.

இந்த ஆனி மாதம் மழை பிடித்ததும் எல்லாம் மாறிப்போயிற்று.

பிள்ளைகள் ஷூவைக் கழற்றி வாசலில் வரிசையாக வைத்துவிட்டுத்தான் ஏழாம் வகுப்புக்குள் வர வேண்டும் என்றார் மிஸ். அந்த வரிசையின் கடைசியில் அவரே ஒரு ஜோடி ரப்பர் செருப்பை வைத்தார். வெள்ளை நிறம். ஓடம்போல முன்பக்கம் வளைந்து நிமிர்ந்தது. சிறு பிள்ளையின் கால் அளவு. அந்த அளவுக் கால் அந்த வகுப்பில் யாருக்கும் இல்லை.

பிறகு பதிவேட்டைத் திறக்காமலே பேர் கூப்பிட ஆரம்பித்தார். கூப்பிட்ட பேர் ஒன்றுகூட அந்த வகுப்புப் பிள்ளையின் பேர் இல்லை. என்ன பாஷை என்றே தெரியவில்லை. ஒவ்வொரு பேருக்கும் யாராவது "நே" என்று பதில் சொல்லும் வரை காத்திருந்தார். பயந்துபோன பிள்ளைகள், மிஸ் சொல்லிக்கொடுத்தபடி, ஆளுக்கொரு பேருக்கு "நே" சொல்லப் பழகிக்கொண்டார்கள்.

கடைசிப் பேருக்கு மட்டும் யாரும் பதில் சொல்லக் கூடாது. ஒருத்தி சொல்லப் போனபோது மிஸ் கையை உயர்த்தித் தடுத்துவிட்டார். அந்தப் பேரைக் கூப்பிட்டுவிட்டு வாசலையே பார்ப்பார். வகுப்பு முழுவதும் திரும்பி வாசலைப் பார்க்கும். அங்கே அந்த வெள்ளைச் செருப்பு இருக்கும்.

மிஸ்ஸுக்கு உதவியாக டெம்பரரி டீச்சர் வேலை பார்க்கும் மௌரீன் இத்தனையையும் பின் பெஞ்சிலிருந்து கண்ணால் பார்த்தவள்.

---

"மௌரீன் கண்ணு, இட்லி ஆறுது" என்று கூப்பிட்டாள் சின்னம்மா தனக்கோடி.

ரிச்சர்ட்ஸ் டவுனில் ஓடு போட்ட அந்த வீட்டில் இப்போது மூன்று பேர்தான். தாய் தகப்பன் போனபின் அக்காவின் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாக வளர்த்தவள் தனக்கோடி. மற்றவர்கள் மிஷன் கோயிலுக்குப் போனால், இவள் மட்டும் இரண்டு வருஷமாகக் காக்ஸ் டவுன் ஜெபவீட்டுக்குப் போகிறாள். கைதட்டிப் பாடுகிற இடம். அந்நிய பாஷையில் ஜெபிக்கிற இடம்.

மேஜைக்கு அந்தப் பக்கம் அண்ணன் ஆம்ப்ரோஸ் உட்கார்ந்திருந்தான். பட்டாளத்து ஆஸ்பத்திரியில் சேவகம் பண்ணக் கொரியாவுக்குப் போய்த் திரும்பி வந்தவன். வந்து இரண்டு வருஷமாயிற்று. அங்கே என்ன பார்த்தான் என்று இன்றுவரை வாய் திறக்கவில்லை. காக்ஸ் டவுனில் ஒரு மருந்துக் கடையில் நிற்கிறான். எந்தக் கதவையும் அவன் முழுக்கச் சாத்த விடுவதில்லை. யுத்தம், வியாதி, பிசாசு, எதைப் பற்றியும் அவன் எதிரில் பேசுவதில்லை என்று அந்த வீட்டில் சொல்லாமலே ஓர் ஏற்பாடு. அதனால் பள்ளிக்கூடத்து விஷயமும் அவன் காதுக்குப் போகவில்லை.

அன்று தனக்கோடி அந்த ஏற்பாட்டை மறந்துவிட்டாள்.

"இன்னிக்கு நீ சாட்சி சொல்லப் போறியாமே."

"யார் சொன்னது சின்னம்மா?"

"கேட்ல நிக்கிற முனியப்பன் சொன்னான். நல்லா கேட்டுக்கோ. அந்தம்மா மேல இறங்கியிருக்கிறது ஆவியானவர். அதைப் போயி பேய்னு சாட்சி சொல்லிட்டு வந்து என் கையால சோறு திங்காதே."

"நான் பேய்னு எங்கே சொன்னேன்? நீங்கதான் நொண்டி, குருடு எல்லாரையும் ஜட்காவுல ஏத்திட்டு வந்து ஸ்கூல் கேட்ல நிறுத்தினீங்க. அதனாலதான் இவ்வளவு பெரிசா ஆச்சு."

"ஜெபவீட்டு சலோமிக்குக் கால் வலி விட்டுச்சா இல்லையா?"

"அவங்களுக்கு ஜட்கா ஏறினதும் விட்டுச்சு. நடக்கிறதுக்குத்தான் அவங்களுக்கு வலி."

தனக்கோடிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "சிரிக்காதே. நான் ஜன்னலுக்கு வெளியே நின்னு என் காதால கேட்டேன். அந்தச் சத்தம் மனுஷ பாஷை இல்லடி. மனசுல அப்படியே பதிஞ்சுபோச்சு. தினம் ஜெபத்துல அதைத்தான் சொல்றேன்." கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையையும் உயர்த்தி, பாட்டுப்போலச் சொன்னாள்: "கிம் பொக்சூன். பாக் ஒக்ஜா. லீ யங்ஹீ..."

ஆம்ப்ரோஸின் கையிலிருந்த தம்ளர் பாதி வழியில் நின்றது.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"நீ கேலி பண்ணுவே."

"சொல்லுங்க சின்னம்மா."

அவள் சொன்னாள். இந்தத் தடவை கையை உயர்த்தவில்லை.

ஆம்ப்ரோஸ் தம்ளரைக் கீழே வைத்தான். "அது வரமும் இல்ல, பேயும் இல்ல. கொரியாக்காரங்க பேரு. பொம்பளைப் பிள்ளைங்க பேரு. நீங்க இத்தனை நாளா ஜெபத்துல யாரோ பிள்ளைங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டு இருந்திருக்கீங்க."

சட்டையை மாட்டிக்கொண்டு, குடையும் எடுக்காமல் அவன் தூறலில் இறங்கிப் போய்விட்டான்.

தனக்கோடி அவன் போன திசையையே பார்த்தாள். "யாரோ பிள்ளைங்களா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "இருந்துட்டுப் போகட்டும். பிள்ளைங்களுக்காக ஜெபிச்சா கர்த்தர் கோவிச்சுக்கவா போறார்" என்று சொல்லிவிட்டு இட்லித் தட்டை எடுத்தாள்.

---

பள்ளி வராந்தாவில் சிவப்புத் தரை ஈரமாகப் பளபளத்தது. ஏழாம் வகுப்பு வாசலில் ஷூக்கள் வரிசையாக இருந்தன, எல்லாம் வெளிப்புறம் பார்த்து. கடைசியில் அந்த வெள்ளைச் செருப்பு மட்டும் உள்புறம் பார்த்து இருந்தது.

போன வாரம் ஒரு நாள், அதைத் தன் கையாலேயே வெளிப்புறம் திருப்பி வைத்தாள் மௌரீன். மிஸ் அறையை விட்டு நகரவே இல்லை. மணி அடித்து வெளியே வந்தபோது அது பழையபடி உள்ளே பார்த்து இருந்தது. யாரோ ஒரு பிள்ளையின் விளையாட்டு என்று மௌரீன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்புறம் அவள் அதைத் தொடவில்லை.

"மௌரீன் மிஸ்" என்று யாரோ கிசுகிசுத்தார்கள். காந்தா. ஜீவனஹள்ளியிலிருந்து நடந்து வருகிற பிள்ளை. அவள் கழுத்தில் மரவில்லை தொங்கிக்கொண்டிருந்தது.

"காலையிலேயே மாட்டிக்கிட்டியா?"

"கேட்டுல வாட்ச்மேனைப் பார்த்து 'ஏனப்பா, ஊட்டா ஆயித்தா'ன்னு, சாப்பாடு ஆச்சான்னு, கன்னடத்துல கேட்டேன் மிஸ். ஹெட்மிஸ்ட்ரஸ் மேடம் பின்னாலேயே வந்துட்டாங்க." பிறகு இன்னும் மெதுவாக: "மேடம் எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க. இன்னிக்கு யாராவது நே சொன்னா, அப்பாவைக் கூட்டிட்டு வரணுமாம். மிஸ் கூப்பிடும்போது நாங்க சும்மா இருந்தா, மிஸ்ஸுக்கு என்ன ஆகும்?"

மௌரீன் அவள் தோளைத் தொட்டு வாசல் பக்கம் திருப்பினாள். "உள்ளே போ" என்றாள்.

ரெவரெண்ட் ஏசுவடியான் மிஸஸ் ஞானாபரணத்தோடு வந்து பின்னால் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். வயதானவர், நல்லவர், முடிவு எடுக்கத் தயங்குகிறவர். அவர்கள் இரண்டு பேரும் ஷூவைக் கழற்றவில்லை. ஈரத் தடம் வாசலிலிருந்து நாற்காலி வரைக்கும் வந்து நின்றது. மிஸ் பென்ரோஸ் அந்தத் தடத்தைப் பார்த்தார்.

நரைத்த கொண்டை, சாம்பல் நிற கவுன், வெறுங்காலில் கம்பளிக் காலுறை. மிஸ் மேஜைக்கு முன்னால் நின்று மூடிய பதிவேட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். முன் பெஞ்சு வழக்கம்போலக் காலியாக இருந்தது.

"கிம் பொக்சூன்."

யாரும் பதில் சொல்லவில்லை.

ஓட்டு மேல் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிள்ளைகள் குனிந்து பெஞ்சைப் பார்த்தார்கள்.

"கிம் பொக்சூன்." இந்தத் தடவை மெதுவாக, சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பவரைக் கூப்பிடுவதுபோல.

பதில் இல்லை. மிஸ் பதிவேட்டிலிருந்து கையை எடுத்தார். அவர் பிள்ளைகளைத் தாண்டி நடந்து பின்புற ஜன்னலுக்குப் போனார். கொக்கியை நீக்கித் திறந்தார். ஜன்னலுக்கு வெளியே குனிந்து, கீழே ஈரப் புல்லை, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். யாரையோ தேடுகிற பார்வை. மழைச் சாரல் அவர் முகத்தில் அடித்தது. பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே அந்தப் பேரை மறுபடி கூப்பிட்டார். பதில் வராது என்று தெரிந்துவிட்ட குரல் அது.

மௌரீனுக்குப் பயம்தான். ஆனால் அந்தக் குரலைக் கேட்டபின் பயத்தோடு வேறொன்றும் சேர்ந்துகொண்டது. வீட்டில் அம்மா செத்த மறுநாள், பழக்கத்தில் "அம்மா" என்று கூப்பிட்டுவிட்டு, தானே அடுப்படி வாசலில் நின்றது அவளுக்கு நினைவுக்கு வந்தது. அன்று யாராவது ஒருவர், யாராக இருந்தாலும் சரி, "என்ன?" என்று கேட்டிருந்தால் போதுமென்று இருந்தது.

கர்த்தாவே, எனக்கு இந்த வேலை வேணும், உமக்கே தெரியும் என்று மனதுக்குள் சொன்னாள். சொல்லிக்கொண்டே எழுந்து நின்றுவிட்டாள்.

"நே, மிஸ்."

மிஸஸ் ஞானாபரணம் சட்டென்று திரும்பிப் பார்த்தார். மிஸ் பென்ரோஸ் ஜன்னலிலிருந்து திரும்பினார். மூச்சு விட்டார். மேஜைக்கு வந்தார்.

"பாக் ஒக்ஜா."

"நே" என்றாள் காந்தா. அவள் கழுத்தில்தான் வில்லை ஏற்கெனவே தொங்குகிறதே. அதற்கு மேல் என்ன செய்துவிடுவார்கள்.

"லீ யங்ஹீ." "நே." மூலையிலிருந்து ஒரு குரல். அப்புறம் இன்னொன்று. பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து, சொல்லி, உட்கார்ந்தார்கள். ரெவரெண்ட் ஒருவரையும் தடுக்கவில்லை. அவர் கைகளைக் கோத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியாக, "யூன் கும்சில்."

எல்லாத் தலையும் வாசலுக்குத் திரும்பியது.

வாசலில் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தான்.

ஒரு பிள்ளை வீறிட்டது. மௌரீனும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். பிறகுதான் அது அண்ணன் என்று தெரிந்தது. ஆம்ப்ரோஸ் மழையில் தொப்பலாக நனைந்திருந்தான். அவன் ஷூ வரிசையில், வெள்ளைச் செருப்புக்குப் பக்கத்தில், கழற்றி வைக்கப்பட்டிருந்தது. அவன் அந்தச் சிறு செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மிஸ் அவனைப் பார்க்கவில்லை. அவன் நின்ற இடத்துக்குக் கீழே, ஒரு சிறு பிள்ளையின் முகம் இருக்கக்கூடிய உயரத்தில் பார்த்தார். "கும்சில்?" என்று மறுபடி கேட்டார்.

"கென்ச்சனா, மிஸ்" என்றான் ஆம்ப்ரோஸ். பிறகு இங்கிலீஷில் சொன்னான்: "எனக்கு அந்தப் பாஷையில் இந்த ஒரு வார்த்தைதான் தெரியும். 'பரவாயில்லை, ஒன்றும் ஆகாது' என்று அர்த்தம். அங்கே அடிபட்டு வந்தவர்களிடம் நாங்கள் சொல்கிற வார்த்தை. நான் அங்கே பட்டாளத்து ஆஸ்பத்திரியில் இருந்தேன்."

மிஸ் பென்ரோஸ் மெல்ல நிமிர்ந்து முதல்முறையாக அவன் முகத்தைப் பார்த்தார். நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். எத்தனை நாளாகவோ யாரும் அவரிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. இப்போதும் யாரும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"நான் வருகை எடுத்து முடிக்கவில்லை."

இங்கிலீஷில்தான் சொன்னார். மலைப்பக்கத்து ஊர் ஒன்றில் அவர் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துவந்தது. வகுப்பில் அவர்கள் பாஷை கூடாது என்று மிஷனில் சட்டம் இருந்தும், காலையில் பேர் கூப்பிடுவதை மட்டும் அவர்கள் பாஷையில் கூப்பிட்டது. தாய் கூப்பிடுகிற மாதிரி ஒரு தடவையாவது ஒரு நாளைக்குக் காதில் விழட்டுமே என்று. அப்போதும் மழைக்காலம். பேர் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே குண்டு விழுந்தது. பிள்ளைகள் பின்புற ஜன்னல் வழியாகக் குதித்து ஓடினார்கள். ஷூவெல்லாம் முன் வாசலில் இருந்தது. மிஸ்ஸை யாரோ ஜீப்பில் தூக்கிப் போட்டுக் கொண்டுபோனார்கள். போகிற போக்கில் கைக்கு அகப்பட்டது அந்த ஒரு ஜோடி.

"கடைசிப் பேருக்கு முன்னால் நிறுத்திவிட்டேன்" என்றார். "அவளை நான் கூப்பிடவே இல்லை."

பின்னால் நாற்காலி நகர்ந்தது. ரெவரெண்ட் ஏசுவடியான் எழுந்து வாசலுக்குப் போனார். போய்விட்டார் என்றே மௌரீன் நினைத்தாள். அவர் வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து, சிரமப்பட்டு, தன் ஷூவைக் கழற்றி வரிசையில் வைத்தார். திரும்பி வந்து காலியாக இருந்த முன் பெஞ்சில், பிள்ளைகள் உட்காருகிற அந்தச் சின்ன இடத்தில், உட்கார்ந்தார்.

"பாடம் நடக்கட்டும், மிஸ் பென்ரோஸ்" என்றார். "நானும் கேட்கிறேன்."

மிஸ் பதிவேட்டைத் திறந்தார். வழக்கம்போல பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். மிஸ் எந்த வகுப்புக்கும் முதன்முதலில் சொல்லிக்கொடுக்கிற வரி ஒன்று உண்டு. அதைச் சொன்னபின்தான் பாடம். எல்லாக் குரலும் சேர்ந்து, ஒரே ராகத்தில், ஒலித்தது:

"ஐ ஆம் வெல், மிஸ், அண்ட் தி மார்னிங் இஸ் குட்."

மௌரீன் அண்ணனைப் பார்த்தாள். ஆம்ப்ரோஸ் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் உதடு வெளுத்துப்போயிருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தான், குரல் வரவில்லை. சடாரென்று திரும்பி, ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு, வராந்தாவில் போய்விட்டான்.

---

"கப்பல் பேச்சை இப்போதைக்கு விட்டுடலாம்னு ரெவரெண்ட் சொல்றார்" என்றார் மிஸஸ் ஞானாபரணம். மத்தியான மணி அடித்துப் பிள்ளைகள் சாப்பிடப் போயிருந்தார்கள். "காலை மணிக்கு முன்னாடி, இஷ்டப்பட்ட பிள்ளைங்களை வெச்சு அவங்க பேர் கூப்பிட்டுக்கட்டுமாம். நானே போய் அவங்ககிட்ட சொல்லணும். அதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒண்ணு. உன் இடம் இருந்த இடத்துலேயேதான் இருக்கும். தெரியுமில்ல?"

"தெரியும் மேடம்."

"சாட்சி சொல்லுன்னா பதில் சொல்லிட்டு நிக்கிறே." கோபமாகத்தான் சொன்னார். ஆனால் போகிற வழியில் காந்தாவை நிறுத்தி, அவள் கழுத்திலிருந்த மரவில்லையைக் கழற்றித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

வேலை நிரந்தரமாகாமல் போயிற்று என்ற வருத்தம் மௌரீனுக்கு இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனாலும் காலையிலிருந்து வராத ஜெபம் அப்போது, நடக்க நடக்க, தானாக வந்தது.

ஆம்ப்ரோஸ் பள்ளிக்குப் பின்புறம், தூங்குமூஞ்சி மரத்தடியில், தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்திருந்தான். ஷூ இன்னும் கையில்தான் இருந்தது.

"அண்ணா, வீட்டுக்குப் போங்க. ஜுரம் வரும்."

"அந்த வரியை மிஸ் எங்கே எடுத்தாங்க?"

"எந்த வரி?"

"மார்னிங் இஸ் குட்."

"அது அவங்களே சொந்தமா கட்டினது. புஸ்தகத்துல இல்ல. ஏன்?"

அவன் பேச ஆரம்பித்தபோது, இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடந்த அறையைத் திறப்பதுபோல, நின்று நின்று பேசினான்.

"பனிக்காலம். மலையிலேருந்து ஜனங்க இறங்கி வந்துட்டே இருந்தாங்க. அதுல ஒரு பொண்ணு. யாரும் கூட இல்ல. கால்ல செருப்பு இல்ல, கந்தல் சுத்தியிருந்துச்சு. விரலெல்லாம் கறுத்துப்போச்சு. தினம் காலையில நான்தான் கட்டு மாத்துவேன். பெரிய ஆளுங்களே அலறுவாங்க. அது அழாது. என்னைப் பார்த்துட்டு, இங்கிலீஷ்ல, இதே ராகத்துல, இதே வார்த்தையைச் சொல்லும். ஐ ஆம் வெல், அண்ட் தி மார்னிங் இஸ் குட். நாங்க சிரிப்போம். எங்கே கத்துக்கிட்டதோன்னு."

இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அவங்க பேச்சை எங்களுக்கு எடுத்துச் சொல்ல துபாஷி ஒருத்தர் இருந்தார். ஒரு நாள் அவரை விட்டு அது என்கிட்ட ஒண்ணு கேட்டுச்சு. அப்போ எனக்குப் புரியல. ஜுரத்துல உளறுதுன்னு விட்டுட்டேன்." அவன் கையிலிருந்த ஷூவைப் பார்த்தான். "மிஸ் என் பேர் வரைக்கும் வந்தாங்களான்னு கேட்டுச்சு. 'நான் ஓடிட்டேன், அவங்க கூப்பிட்டு நான் பதில் சொல்லலைன்னு மிஸ் நினைச்சுக்கப் போறாங்க'ன்னு சொல்லுச்சு."

"அந்தப் பொண்ணு பேரு?"

"கும்சில்."

"அண்ணா, அது..." மௌரீனால் கேட்டு முடிக்க முடியவில்லை.

"நாங்க கப்பலேறுற அன்னிக்கு எங்களை அனுப்ப வந்துச்சு. கட்டையை ஊனிக்கிட்டு நடந்துதான் வந்துச்சு. உயிரோடதான் இருந்துச்சு மௌரீன். காலையிலேயே வாயைத் திறந்து சொல்லியிருக்கணும். பேரைக் கேட்டப்போ வேற யாரோன்னு நினைச்சேன், அந்த வரியைக் கேட்டதும் எனக்குக் குரலே வரல."

மௌரீன் அவன் கையைப் பிடித்து எழுப்பினாள். "இப்ப வாங்க. மிஸ் வகுப்பிலேதான் இருப்பாங்க. மத்தியானத்துல எங்கேயும் போக மாட்டாங்க."

இருவரும் வராந்தாவில் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். ஏழாம் வகுப்பு காலியாக இருந்தது. பின்புற ஜன்னல் திறந்தபடியே இருந்தது. வாசலில் ஷூ ஒன்றும் இல்லை. பிள்ளைகள் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். வரிசையின் கடைசியில், ஈரத் தரையில், இரண்டு சின்னக் காய்ந்த இடங்கள் மட்டும் தெரிந்தன. அந்த ஜோடி அங்கே இல்லை.

கேட்டில் முனியப்பன் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றான். மிஸஸ் ஞானாபரணமும் அங்கேதான், மிஸ்ஸைத் தேடிக்கொண்டு வந்து நின்றார்.

"பென்ரோஸ் மிஸ்ஸா? இப்பத்தாம்மா போனாங்க. ரயில் ஸ்டேஷன் பக்கமா. வண்டி கூப்பிடட்டான்னு கேட்டேன். வேணாம், நடந்தே போறோம்னாங்க."

"போறோமா?" என்றாள் மௌரீன். "கூட யார் போனது?"

"யாரும் இல்லம்மா. தனியாத்தான் போனாங்க." முனியப்பன் தயங்கினான். எப்படிச் சொல்வதென்று தெரியாமல், தன் வலது கையைக் கொஞ்சம் தாழ்த்தி, விரல்களை லேசாக மடக்கிக் காட்டினான். "ஆனா கையை மட்டும் இப்படி வெச்சிருந்தாங்க."

அது ஒரு சிறு பிள்ளையின் கையைப் பிடித்திருக்கிற கை.

ஆம்ப்ரோஸ் ஷூவைக் கீழே போட்டான். வெறுங்காலோடு மழையில் ஸ்டேஷன் ரோட்டைப் பார்த்து ஓட ஆரம்பித்தான்.